கூடையில் விழுந்ததும் விழாததும்

1962ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சொக்கலேற் செய்வதற்குப் பேர்போன ஹேர்ஷி என்னும் சிறு நகரில், ஒரு கூடைப்பந்தாட்டம் நடைபெற்றது. பார்க்க வந்தோர் ஏறக்குறைய 4,000 பேரே. தொலைக்காட்சியில் அது காட்டப்படவுமில்லை. அவ்வாட்டத்தில் பிலடெல்பியா வாரியேர்ஸ் அணியினரான வில்ற் சேம்பலேன் என்பார், நியூயோர்க் அணிக்கெதிராகத் தாம் ஒருவராகவே 100 புள்ளிகளைப் பெற்றார். ஆட்டம் முடிந்தபின், வெள்ளைத் தாளொன்றில் '100' என்றெழுதி அதனைக் கையிற் பிடித்தவாறு அவர் அமர்ந்திருக்கும் புகைப்படத்தை நேயர்களிற் சிலர் பார்த்திருத்தல் கூடும். ஏழடி ஓரங்குல உயரமான மனிதர். கையிலோ ஒரு துண்டுக் கடதாசி. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் அவ்வெண்ணிக்கையை இன்றுவரை வேறெவரும் எட்டியதில்லை.

அந்த ஓரிரவு மட்டுமன்று. 1961-62 போட்டிப் பருவம் முழுவதிலும் சேம்பலேன் ஆட்டமொன்றுக்குச் சராசரி 50.4 புள்ளிகள் பெற்றார். ஆயினும் அப்பருவத்தின் தலைசிறந்த வீரர் என்னும் விருது அவருக்குக் கிடைக்கவில்லை. பொஸ்ரன் செல்ரிக்ஸ் அணியின் பில் றஸ்ஸலுக்கே கிடைத்தது. றஸ்ஸலின் சராசரியோ 18.9 புள்ளிகள். விருதுக்குரியவரைத் தெரிந்தவர்கள் பத்திரிகையாளர்களல்லர். அக்காலத்தில் வீரர்களே வாக்களித்து வந்தனர். தாம் நேர்நின்று எதிர்த்த இருவருள், ஐம்பது பெற்றவரை விடுத்துப் பத்தொன்பது பெற்றவரை அவர்கள் உயர்த்தி வைத்தார்கள். இது பொறாமையா, அறியாமையா, அன்றி எண்களில் அகப்படாத ஏதோ ஒன்றைக் கண்ட அறிவா?

இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், 'புள்ளி' என்னும் ஒரே சொல் தமிழிலே விளையாட்டில் ஈட்டுவதற்கும், விபரங்களைத் தொகுத்தாராயும் புள்ளிவிபரவியலுக்கும் பொதுவாக அமைந்திருப்பதே முதலில் எம்மை மயக்கிவிடும். முதலாவது புள்ளியை எவரும் எண்ணலாம். இரண்டாவதைக் கையாளுதற்கு 'எத்தனை?' என்று கேட்டால் மட்டும் போதாது, 'எத்தனையில் எத்தனை?' என்று கேட்டல் வேண்டும்.

அவ்வாறு கேட்போம். ஹேர்ஷியிலே சேம்பலேன் கூடையை நோக்கி 63 முறை பந்தை எறிந்தார். 36 முறை பந்து கூடையில் வீழ்ந்தது. அக்காலத்தில் ஒரு கூடைக்கு இரண்டு புள்ளிகளாதலால் அவை 72. எஞ்சிய 28 புள்ளிகளும், எதிரணியினர் முறைகேடாகத் தடுத்ததற்குத் தண்டனையாக, எவருடைய இடையூறுமின்றி எறிவதற்கு அளிக்கப்படும் எறிகளால் வந்தவை. இத்தகைய தண்ட எறிகள் 32 கிடைத்தன. 28 கூடையில் வீழ்ந்தன. அதாவது நூற்றுக்கு 87.5. விந்தை என்னவெனின், சேம்பலேன் தண்ட எறியில் மிகவும் கைதளர்ந்தவர் என்று பேரெடுத்தவர். அப்பருவம் முழுவதற்கும் கணக்கிட்டால் நூற்றுக்கு 61. அவருடைய விளையாட்டு வாழ்க்கை முழுவதற்கும் கணக்கிட்டால் 51 மாத்திரமே. அந்த ஓரிரவை மட்டும் பார்த்தவர் 'இவரைப்போல் தண்ட எறி எறிபவர் இல்லை' என்று சத்தியஞ் செய்திருப்பார். ஓரிரவு ஒன்றைச் சொல்லும். ஆயிரம் இரவுகள் வேறொன்றைச் சொல்லும்.

அவருக்கு நாம் அநீதி இழைத்தலாகாது. அவர் எறிகளை வீணாக்கியவருமல்லர். அப்பருவத்தில் மற்றைய வீரர்கள் எல்லோரும் சேர்ந்து நூற்றுக்கு 43 எறிகளைக்கூட வெற்றியாக்கவில்லை. அவரோ பாதிக்கு மேல் வெற்றியாக்கினார். ஆனால் ஆட்டமொன்றுக்கு ஏறக்குறைய 40 முறை எறிந்தார் என்பதையும், 48 நிமிட ஆட்டத்தில் ஏறக்குறைய ஓய்வேயின்றிக் களத்தில் நின்றார் என்பதையும் உடன் சேர்த்தே அந்த ஐம்பதைப் படித்தல் வேண்டும்.

அக்காலத்து ஆட்டம் எவ்வளவு விரைவாக நடைபெற்றதென்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. அதற்கு முந்திய காலத்தில், முன்னணியில் நிற்கும் அணி பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு காலத்தைக் கடத்திவிடும். 1950ஆம் ஆண்டு நவம்பரில் போட் வேய்ன் அணி மினியாப்பொலிஸ் அணியை 19க்கு 18 என்று வென்றது. பார்த்தவர்கள் கொட்டாவி விட்டிருப்பார்கள். இதற்கு மருந்து கண்டவர் சிரக்கியூஸ் அணியின் உரிமையாளரான டனி பயசோன். அவருடைய கணக்கு நான்காம் வகுப்புப் பிள்ளையும் செய்யத்தக்கது. சுவையான ஆட்டங்களில் இரு அணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை எறிகின்றன, ஆட்டமோ 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி, வகுத்தால் 24. ஆகவே பந்தைப் பெற்ற அணி 24 விநாடிக்குள் எறிந்தே ஆகவேண்டும் என்ற விதி 1954-55 பருவத்தில் நடைமுறைக்கு வந்தது. விளைவாக ஆட்டம் ஓட்டமாயிற்று. 1961-62இல் ஓர் அணி ஆட்டமொன்றுக்கு 100 முறைக்கு மேல் எறிந்தது. இக்காலத்து அணிகளுக்கு 90 வரையே. எனவே அக்காலத்து வீரருடைய 50 புள்ளிகளையும் இக்காலத்து வீரருடைய 30 புள்ளிகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல், கொத்து அளவையும் இறாத்தல் நிறையையும் ஒரே தட்டில் வைத்தலை ஒக்கும்.

இந்த மயக்கத்தைத் தீர்ப்பதற்கு அறிஞர் கண்ட வழி எளிது. ஓர் அணி பந்தை எறிந்தோ இழந்தோ முடிந்ததும் மற்றைய அணிக்கு வாய்ப்புக் கிடைக்கின்றது. வாய்ப்புகள் இவ்வாறு மாறி மாறி வருவதால், ஆட்ட முடிவில் இரு அணிகளுக்கும் கிடைத்தவை ஏறத்தாழச் சமமாகவே இருக்கும். ஆகவே ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று கேளாது, நூறு வாய்ப்புக்கு எத்தனை புள்ளி என்று கேட்டல் வேண்டும். வட கரொலைனாப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பயிற்றுநர் டீன் சிமித் இம்முறையைக் கைக்கொண்டவர். பின்னர் 2004இல் டீன் ஒலிவர் என்பார் கூடைப்பந்தாட்டக் கணக்கைப் பற்றி ஒரு முழு நூலே எழுதி, வெற்றிக்குக் காரணமாவன நான்கு என்று வகுத்தார்: குறிதவறாது எறிதல், பந்தைப் பறிகொடாதிருத்தல், தவறி விழும் பந்தைக் கைப்பற்றுதல், தண்ட எறிகளைப் பெறுதல். இவற்றுள் முதலாவதே மிகப் பெரிது.

இந்த அளவுகோலை 1960களின் பொஸ்ரன் அணிமேல் வைத்துப் பார்த்தவர்கள் திகைத்துப் போயினர். ஆட்டமொன்றுக்கு 120 புள்ளிக்கு மேற் குவித்த அணி அது. பதின்மூன்று பருவங்களில் பதினொரு முறை முதலிடம் பெற்ற அணி. ஆகவே எறிவதில் வல்ல அணியென்றே உலகம் எண்ணியிருந்தது. நூறு வாய்ப்புக்குக் கணக்கிட்டபோதோ, சில பருவங்களில் எறிவதில் அது கடைநிலையில் நின்றது புலனாயிற்று. அது குவித்த புள்ளிகளெல்லாம் வேகமாக ஓடி மிகப் பல வாய்ப்புகளைப் பெற்றமையால் வந்தவை. வென்றது தடுப்பினாலேயே. தடுப்பின் நடுவே நின்றவர் றஸ்ஸல்.

எதிரி எறிந்த பந்தை அந்தரத்திலே கைவைத்துத் தடுப்பதில் றஸ்ஸலுக்கு நிகரானவர் அக்காலத்தில் இல்லை. அவ்வாறு தடுக்கும்போதும், பார்வையாளரின் ஆரவாரத்துக்காகப் பந்தைக் களத்துக்கு வெளியே அறைந்து தள்ளாமல், தம் தோழர் கையிற் சேருமாறு மெல்லத் தட்டிவிடுவது அவர் வழக்கம். முன்னதால் பந்து மீண்டும் எதிரிக்கே போய்விடும். பின்னதால் தம் அணிக்கு ஒரு வாய்ப்புப் பிறக்கும். சரி, இவ்வாறு அவர் எத்தனை பந்துகளைத் தடுத்தார் என்று அதிகாரபூர்வமான ஏடுகளைப் புரட்டினால் அங்கே ஒன்றுமில்லை. தடுத்த பந்துகளை எண்ணும் வழக்கம் 1973-74 பருவத்திலேதான் தொடங்கியது. றஸ்ஸல் 1969இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். பதினொரு முறை வாகை சூடிய மனிதரின் தலையாய திறமைக்கு ஏட்டிலே ஒரு வரிகூட இல்லை! அவர் நிற்கின்றாரே என்று அஞ்சி எதிரிகள் எறியாமலே விட்ட எறிகளையோ, இன்றைய ஏடுங்கூட எண்ணுவதற்கு வகையறியாது. ஆயின் அவற்றை நாள்தோறும் உணர்ந்தவர்கள் இருந்தார்கள். அவர்களே வாக்களித்த வீரர்கள். அவ்வாக்கைப் பொறாமை என்று நாம் கருதவில்லை.

அதே வசந்தத்தில் இரு அணிகளும் மோதிய தொடரில், ஏழாவதும் இறுதியானதுமான ஆட்டத்தில், பொஸ்ரன் 109க்கு 107 என்று வென்றதென்பதை இங்கே பலர் சான்றாகக் காட்டுவர். நாம் காட்டமாட்டோம். சாம் ஜோன்ஸ் என்பார் முடிவுக்கு இரு விநாடிகள் இருக்கையில் எறிந்த பந்தே அன்று வெற்றியைத் தந்தது. அது வளையத்திற் பட்டு வெளியே தெறித்திருந்தால் றஸ்ஸலின் தகுதி குறைந்துவிடுமா?

எண்ணப்படாதது கண்ணுக்குத் தெரியாமற் போவது ஒருபுறமிருக்க, எண்ணப்படுவதும் தவறாக எண்ணப்படுதல் உண்டு. 1979-80 பருவத்தில் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளிலே, தொலைவிலே வரையப்பட்ட வளைகோட்டுக்கு அப்பாலிருந்து எறிந்து வென்றால் மூன்று புள்ளிகள் என்னும் விதி வந்தது. தொடக்கத்தில் ஓர் அணி ஆட்டமொன்றுக்கு மூன்று முறைகூட அங்கிருந்து எறியவில்லை. இன்றோ 35 முறைக்கு மேல். ஏன் இந்த மாற்றம்? கோட்டுக்குச் சற்று உள்ளே நின்று எறியும் வீரர் ஒருவர் 100க்கு 40 வெல்கின்றார் என்க. கோட்டுக்கு வெளியே நின்றால் 36 வெல்கின்றார் என்க. பழைய ஏடு முன்னதற்கு 40 என்றும் பின்னதற்கு 36 என்றும் எழுதி, முன்னதே நன்று என்று காட்டும். புள்ளிகளாகப் பார்த்தால் முன்னது 80, பின்னது 108. இரண்டே வரிக் கணக்கு. இதனைப் பயிற்றுநர்கள் முழுமனதோடு ஏற்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்ததென்றால், பழகிய அட்டவணை மனிதர் கண்ணை எவ்வளவு இறுகக் கட்டிவிடுகின்றதென்பதை உய்த்துணரலாம்.

இக்கணக்கை எல்லோரிலும் துணிந்து பின்பற்றியது, டரில் மோறி என்பார் 2007 முதல் 2020 வரை முகாமை செய்த ஹூஸ்ரன் றொக்கெற்ஸ் அணி. 2017-18 பருவத்தில் அது 82 ஆட்டங்களில் 65ஐ வென்றது. பின்னர் 2018 மே 28ஆம் திகதி, கோல்டன் ஸ்ரேற் வாரியேர்ஸ் அணியோடு ஏழாவது ஆட்டம். (சேம்பலேனின் பழைய பிலடெல்பியா அணியே மேற்குக் கரைக்குக் குடிபெயர்ந்து இப்பெயர் பெற்றது.) பாதி ஆட்டத்தில் ஹூஸ்ரன் 11 புள்ளிகள் முன்னிலையில் நின்றது. ஆயினும் அவ்வாட்டத்தில் வளைகோட்டுக்கு வெளியேயிருந்து எறிந்த பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறின. பத்து அல்ல, பதினைந்து அல்ல. இடைவிடாது 27 எறிகள். ஹூஸ்ரன் 92க்கு 101 என்று தோற்றது. மறுநாள் கணக்கை நம்பியவர்களைப் பலர் எள்ளி நகையாடினர்.

100க்கு 36 வெல்லக்கூடியவர் ஒருமுறை தவறுவதன் நிகழ்தகவு 0.64. இருபத்தேழு முறை தொடர்ந்து தவறுவதன் நிகழ்தகவை மடக்கை அட்டவணையைக் கொண்டு மாணாக்கர் தாமே கண்டறியலாம். ஏறக்குறைய 1,70,000இல் ஒன்று வரும். ஒவ்வோர் எறியும் மற்றொன்றைச் சாராதது என்று கொண்டால்தான் இவ்விடை பொருந்தும் என்பதை மறத்தலாகாது. வீரர்கள் களைத்திருந்தனர்; முதன்மை வீரர்களுள் ஒருவரான கிறிஸ் போல் காயத்தால் ஆடவில்லை; எதிரணியின் தடுப்பும் வலியது. ஆகவே உண்மையான நிகழ்தகவு இதனிலும் பெரிதாக இருக்கும். எவ்வாறாயினும், 82 ஆட்டங்களில் நிரூபணமான ஒரு முறையை ஓர் இரவைக் கொண்டு பொய்யென்று சொல்வது, ஹேர்ஷி இரவைக் கொண்டு சேம்பலேனைத் தண்ட எறியில் மன்னர் என்று சொல்வதற்கு ஒப்பானதே.

இதே ஹூஸ்ரன் அணியில் 2006 முதல் 2011 வரை ஷேன் பட்டியேர் என்றொருவர் விளையாடினார். ஆட்டமொன்றுக்கு அவர் பெற்றவை பத்துப் புள்ளிகளைத் தாண்டுவது அரிது. பந்தோடு மாயவித்தை காட்டுபவருமல்லர். இவர் களத்தில் நிற்கும்போது மட்டும் அணி முன்னேறுவதும், இவர் அமர்ந்தால் பின்னடைவதும் எவ்வாறென்று பலருக்கும் விளங்கவில்லை. மைக்கேல் லூயிஸ் என்னும் எழுத்தாளர் 2009 பெப்ரவரியில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் சஞ்சிகைப் பகுதியில் இவரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வரைந்தார். கோபி பிறயன்ற் போன்ற பெரும் வீரரைத் தடுக்க நேரும்போது, அவர் எந்த இடத்திலிருந்து எறிந்தால் குறைவாக வெல்வார் என்பதைப் பட்டியேர் முன்கூட்டியே கணக்குத் தாள்களிலிருந்து படித்துக்கொள்வார். ஆட்டத்தில் அவரை அவ்விடத்துக்கே மெல்ல மெல்ல ஒதுக்குவார். எறியும் வேளையிலே அவர் கண்ணுக்கு முன்னால் கையை நீட்டுவார். தவறி விழும் பந்தைத் தாம் பாய்ந்து பிடியாது, எதிரியை மறித்து நின்று தம் தோழர் பிடிக்க வழிவிடுவார். பிடித்தவர் பெயர் ஏட்டில் ஏறும். மறித்தவர் பெயர் ஏறாது.

இத்தகையவரை அறிய ஒரு கணக்குண்டு. ஒருவர் களத்தில் நின்ற நிமிடங்களில் தம் அணி பெற்ற புள்ளிகளிலிருந்து எதிரணி பெற்றவற்றைக் கழித்தல். அவர் என்ன செய்தார் என்று அது கேட்பதில்லை. அவர் நிற்க என்ன நடந்தது என்று மாத்திரம் கேட்கின்றது. குறையும் வெளிப்படை: வல்லவர் நால்வரோடு எப்போதும் களமிறங்கும் சோம்பேறிக்கும் நல்ல எண் வந்துவிடும். ஒவ்வொரு வீரரையும் ஒரு கணியமாகக் கொண்டு, யார் யாரோடு எவ்வெவர்க்கெதிராக நின்றனர் என்பதை ஆயிரக்கணக்கான ஒருங்கமை சமன்பாடுகளாக எழுதித் தீர்த்தால் இக்குறை பெரும்பாலும் நீங்கும். வெய்ன் வின்ஸ்ரன் என்னும் பேராசிரியரும் ஜெவ் சகரின் என்பாரும் டலஸ் மவெறிக்ஸ் அணிக்கு இவ்வாறு கணக்கிட்டுக் கொடுத்தனர். ஒருங்கமை சமன்பாட்டினால் உலகில் யாருக்கு என்ன பயன் என்று வகுப்பிலே எம்மைக் கேட்கும் மாணாக்கர் இதனைக் குறித்துக்கொள்வாராக.

எமது பாடசாலைகளில் இதனைச் செய்ய இயலுமா? பென்சிலும் ஒரு கொப்பியும் இருந்தாற் போதும். இப்போது பாடசாலை ஆட்டங்களிற் பெரும்பாலும் எழுதப்படுபவை, யார் எத்தனை புள்ளி பெற்றார், எத்தனை தவறு இழைத்தார் என்னும் இரண்டே. களத்தில் இறங்காத மாணாக்கர் ஒருவர் ஓரத்தில் அமர்ந்து, தவறிய எறிகளையும் அவை எவ்விடத்திலிருந்து எறியப்பட்டன என்பதையும் சேர்த்து எழுதட்டும். பந்து கைமாறும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு கீறட்டும். ஆட்ட முடிவில் வாய்ப்புகளின் தொகை கிடைத்துவிடும். எழுதிய அன்றே தீர்ப்புக் கூறாதிருப்பது மட்டும் முக்கியம். நூற்றுக்கு 50 வெல்லும் ஆற்றலுள்ள பிள்ளை ஒருவன், ஓராட்டத்தில் 10 முறை எறிந்தால், அவற்றுள் நான்கோ அதற்குக் குறைவோ வெல்வதற்கு நிகழ்தகவு நூற்றுக்கு ஏறக்குறைய 38. அதாவது அவனிடம் எக்குறையுமில்லாமலே ஐந்து ஆட்டங்களில் இரண்டில் அவன் சோர்ந்தவனாகத் தோன்றுவான். அவனே 100 முறை எறிந்து 40 அல்லது அதற்குக் குறைவாக வெல்வதற்கு நிகழ்தகவு நூற்றுக்கு மூன்றே. ஆகவே நூறு எறிகளின் பின் ஒருவனை அணியிலிருந்து நீக்கினால் அதற்குக் காரணம் உண்டு. ஒரு சனிக்கிழமை ஆட்டத்தின் பின், பெற்றோரும் பார்த்திருக்க, பெயர்ப்பட்டியலிலிருந்து வெட்டினால் வெட்டுண்டவன் பெரும்பாலும் குற்றமற்றவன். பதினைந்து வயதுப் பிள்ளை அதனை நெடுங்காலம் மறப்பதில்லை. சிலர் பிறகு பந்தைத் தொடுவதேயில்லை.

கொப்பியிலே இன்னுமொரு நிரலுக்கு இடம் விடுமாறு மாணாக்கரைக் கேட்டுக்கொள்கிறோம். எதிரணி எறிந்து தவறும் ஒவ்வொரு பந்துக்கும், அந்நேரம் எறிந்தவனுக்கு முன்னால் நின்றவன் யார் என்று அங்கே எழுதுக. ஒரு தவணை முழுவதும் எழுதி வந்தால், புள்ளிப் பட்டியலின் அடியிலே கிடக்கும் ஏதோ ஒரு பெயர் இந்நிரலில் அடிக்கடி வருவதைக் காணக்கூடும். பயிற்றுநரிடம் அப்பக்கத்தைக் காட்டுக.